‘பேக்நெட் உண்டு’ என்று சொன்னதும் தலையாட்டாதீர்கள்

கட்டடத்தில் சில்லர் (ஏ.சி.க்குத் தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம்) ஒரு கம்பெனி, ஏ.எச்.யு. (குளிர்காற்றை அறைகளுக்கு அனுப்பும் இயந்திரம்) கன்ட்ரோலர் இன்னொரு கம்பெனி, மின் மீட்டர் மூன்றாவது கம்பெனி, எல்லாம் ஒரே திரையில் தெரிய வேண்டும் என்றால் பொதுவான ஒரு மொழி வேண்டும். பேக்நெட் அதற்காக வந்ததுதான், ‘எங்கள் கருவியில் பேக்நெட் உண்டு’ என்று விற்பவர்கள் சொல்வது இதைத்தான். ஆஷ்ரே என்ற அமெரிக்க ஏ.சி. பொறியாளர் அமைப்பு 1987-ல் வேலையைத் தொடங்கி 1995-ல் தரநிலையாக வெளியிட்டது, 2003-ல் ஐ.எஸ்.ஓ. தரமும் ஆனது. மோட்பஸ் என்ற இன்னொரு பொது மொழி அதைவிட மூத்தது, 1979. விளக்கு, திரைச்சீலை பக்கம் போனால் கே.என்.எக்ஸ். என்ற வேறொரு மொழி இருக்கும். இங்கே பேக்நெட்டைத்தான் அதிகம் பேசப்போகிறேன், சண்டை அங்கேதான் நடக்கிறது.

வாங்கும் முன்பே பிக்ஸ் என்ற ஆவணத்தைக் கேளுங்கள். அந்தக் கருவி எந்த ஆப்ஜெக்ட் (தரவு வகை), எந்தச் சேவையை (படிப்பது, எழுதுவது போன்றவை) ஆதரிக்கிறது என்று தயாரிப்பாளரே எழுதித் தருவது அது. பேக்நெட் சோதனைக்கூடம் தரும் பி.டி.எல். சான்று இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் இரண்டுமே இருந்தும் ஏமாறலாம், ஏனென்றால் கருவிக்குள் இருநூறு பாயின்ட் (வெப்பநிலை, ஆன்/ஆஃப் போன்ற தனித்தனி மதிப்பு) இருக்க, வெளியே காட்டுவது பத்தாக இருக்கும், அதிலும் பாதி படிக்க மட்டும். அதனால் எந்தப் பாயின்ட் தெரியணும், எதில் எழுத முடியணும் என்று பட்டியல் போட்டு ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள். பின்னால் கேட்டால் ‘அதற்குத் தனி லைசென்ஸ்’ என்பார்கள்.

அடுத்து எண்கள். ஒவ்வொரு கருவிக்கும் டிவைஸ் இன்ஸ்டன்ஸ் எண் உண்டு, 0 முதல் 4194302 வரை எதுவும் கொடுக்கலாம், மொத்த நெட்வொர்க்கிலும் இரண்டு பேருக்கு ஒரே எண் மட்டும் கூடாது. மாடி எண், அறை எண் சேர்த்து முதல் நாளே ஒரு தாளில் எழுதிவிடுங்கள். எம்.எஸ்.டி.பி. என்ற, கருவிகளை வரிசையாகக் கோக்கும் பேக்நெட் ஒயரில் மேக் முகவரியை (அந்த ஒயரில் கருவியின் எண்) 1, 2, 3 என்று இடைவெளி விடாமல் கொடுங்கள், நடுவில் ஓட்டை விட்டால் இல்லாத கருவியைத் தேடியே நேரம் போகும். மேக்ஸ் மாஸ்டர் (எந்த முகவரி வரை தேட வேண்டும் என்ற அமைப்பு) மதிப்பு கடைசி முகவரியைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் கருவி கண்ணிலேயே படாது. 120 ஓம் டெர்மினேஷன் (ஒயர் முனையில் போடும் ரெசிஸ்டர்) இரண்டு முனையிலும் மட்டும், நடுவில் வேண்டாம். கிளை பிரிக்காமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓடட்டும்.

ஐ.பி.யில் (சாதாரண கணினி நெட்வொர்க்கில்) வந்தால் யு.டி.பி. போர்ட் 47808. ‘யார் இருக்கீங்க’ என்று கேட்கும் ஹூ-இஸ் பிராட்காஸ்ட் ரவுட்டரைத் தாண்டாது, அதற்குத்தான் அந்த அழைப்பை மற்ற சப்நெட்டுக்கு (நெட்வொர்க்கின் உட்பிரிவுக்கு) கடத்தும் பி.பி.எம்.டி., சப்நெட்டுக்கு ஒன்று, இரண்டு வைக்காதீர்கள்.

சரி, இப்போது முன்னுரிமை. இதைப் புரிந்துகொள்ளாமல் நான் ஒருமுறை நன்றாக மாட்டியிருக்கிறேன். கட்டளை ஏற்கும் பாயின்ட்டுக்குப் பின்னால் 16 படிகள் இருக்கின்றன, சின்ன எண்ணுக்கே அதிகாரம். சோதனைக்காக ஒரு ஃபேனுக்கு 8-ல் (ஆபரேட்டர் கைமுறைக் கட்டளைக்கான படி) ‘ஆன்’ எழுதிவிட்டு அப்படியே வந்துவிட்டேன். அட்டவணை இரவில் 16-ல் ‘ஆஃப்’ எழுதுகிறது, ஃபேன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை, விடிய விடிய ஓடியது. மறுநாள் அட்டவணையைத்தான் எல்லாரும் திட்டினோம்! 8-ல் ‘ஆஃப்’ எழுதினாலும் தீராது, அப்போது காலையில் கிளம்பாது. அந்தப் படியில் ‘நல்’ (NULL, மதிப்பே இல்லை என்று பொருள்) எழுதி விட்டுக்கொடுக்க வேண்டும். எல்லாப் படியும் காலியானால் ரெலிங்க்விஷ் டிஃபால்ட் மதிப்பு வந்து நிற்கும், அதுவும் சரியா என்று பாருங்கள்.

மோட்பஸ் மீட்டரை கேட்வே (ஒரு மொழியை இன்னொன்றாக மாற்றும் பெட்டி) வழியாக இழுக்கும்போது வேறு கூத்து. 24.5 என்ற மதிப்பு 32 பிட் ஃப்ளோட்டாக (தசம எண்ணாக) இரண்டு ரெஜிஸ்டரில் (16 பிட் இடம்) 16836, 0 என்று வரும். வரிசையை மாற்றிப் படித்தால் திரையில் 0 நிற்கும், ஒயர் அறுந்துவிட்டது என்று நீங்கள் ஏணி எடுப்பீர்கள். முதலில் வேர்ட் ஆர்டரை (அந்த இரண்டு ரெஜிஸ்டரின் வரிசையை) மாற்றிப் பாருங்கள். மதிப்பு பக்கத்து ரெஜிஸ்டருடையது போலத் தெரிந்தால் முகவரியில் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ பாருங்கள், 40001 என்று கையேட்டில் இருப்பது ஒயரில் 0-ஆகத்தான் போகிறது.

ஒப்படைக்கும் நாளில் விற்றவர் மென்பொருளை மூடச் சொல்லிவிட்டு, யாபே போன்ற, பேக்நெட் கருவிகளைத் தேடிப் பார்க்கும் இலவச மென்பொருளை உங்கள் லேப்டாப்பில் திறந்து, பட்டியலில் உள்ள பாயின்ட்டுகளை நீங்களே படித்து, எழுதி, விடுவித்துப் பாருங்கள். சாதாரண பேக்நெட் ஐ.பி.யில் பாயின்ட்டைப் படிக்கவோ எழுதவோ கடவுச்சொல் கேட்காது, அதனால் 47808-ஐ இணையத்துக்குத் திறந்து வைக்கவே வேண்டாம். வெளியிலிருந்து பார்த்தே ஆக வேண்டும் என்றால் வி.பி.என்., அல்லது டி.எல்.எஸ். குறியாக்கத்தோடு வரும் பேக்நெட் எஸ்.சி. அப்புறம், கன்ட்ரோலர் புரோகிராமின் பேக்கப்பும் அட்மின் பாஸ்வேர்டும் கைக்கு வராமல் கடைசித் தவணையைக் கொடுத்துவிடாதீர்கள்.