பழைய மஸ்டாங்கில் வீல் ஸ்டட் மாற்றுவது எப்படி? வீட்டிலேயே செய்பவர்களுக்கான விளக்கம்

சக்கரத்தை, அது மாட்டப்படும் நடுப்பகுதியான ஹப்போடு சேர்த்துப் பிடித்திருக்கும் மரையிட்ட எஃகுத் தண்டுதான் ஸ்டட். விலை அற்பம். ஆனால் அது உட்கார்ந்திருக்கும் ஹப்பின் துளை கெட்டுவிட்டால், அறுபது ஆண்டுப் பழைய காருக்கு இன்னொரு அசல் ஹப்பைத் தேடி அலைய வேண்டியிருக்கும். ஆகவே ஸ்டட்டை அறுங்கள், துளையிடுங்கள், உடைத்தே எடுங்கள். ஹப்பின் துளை மட்டும் மயிரிழை அளவுகூடப் பெருகிவிடக் கூடாது. கீழே வரும் ஒவ்வொரு படியும் அதைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

எடுத்துக்காட்டாக 1965, 1966ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங்கில், நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் உள்ள வி8 மாடலை வைத்துக்கொள்கிறேன். காரணம், இந்த ஒரே காரில் இரண்டு வகை ஸ்டட் பொருத்தம் இருக்கிறது. சக்கரத்துக்கு ஐந்து ஸ்டட்கள், 4.5 அங்குல வட்டத்தில். ஸ்டட்டின் விட்டம் அரை அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. உங்களிடம் இருப்பது வேறு காராக இருந்தால் அளவுகள் மாறும், முறை மாறாது.

முதலில்: எதை மாற்ற வேண்டும்?

கம்பித் தூரிகையால் மரையைத் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு, ஒரு புதிய நட்டை விரலால் மட்டும் சுற்றிப் பாருங்கள். அடிவரை தடையில்லாமல் போனால் நல்லது. தொடக்கத்தில் எளிதாகப் போய் நடுவில் இறுகினால் அந்த ஸ்டட் இழுபட்டு நீண்டிருக்கிறது. யாரோ ஒருவர் எப்போதோ ஏர் கன்னால் (காற்றழுத்தத்தில் நட்டைச் சுற்றும் கருவி) வரம்பு மீறி இறுக்கியிருக்கிறார். மரை அளவி இருந்தால் அதை ஸ்டட்டின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். நீண்டுபோன இடத்தில் பற்கள் பொருந்தாமல் கீற்றாக ஒளி தெரியும். இப்படிப்பட்டதை டை போட்டு மரை வெட்டிச் சரிசெய்ய முயல வேண்டாம். மரை அழகாகிவிடும், உலோகத்தின் வலு திரும்பாது. வெல்டிங்கும் கூடாது. சூடு பட்டால் பதப்படுத்திய எஃகு தன் குணத்தை இழந்துவிடும்.

ஒரு ஸ்டட் முறிந்திருந்தால் அந்தச் சக்கரத்தில் ஐந்தையும் மாற்றுங்கள். முறிந்ததன் சுமையை மற்றவை தாங்கி ஓடியிருக்கும்.

அக்காலக் கிறைஸ்லர் நிறுவனக் கார்களை, அதாவது டாட்ஜ், பிளிமத் போன்றவற்றை, வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஏறக்குறைய 1970 வரை அவற்றின் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரைதான், அதாவது நட்டை வழக்கத்துக்கு எதிர்த்திசையில் சுற்றித்தான் கழற்ற வேண்டும். ஸ்டட்டின் நுனியில் ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். அதைப் பார்க்காமல் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போனவர்கள் முறித்த ஸ்டட்களுக்குக் கணக்கில்லை.

தூக்குதலும் கழற்றுதலும்

கார் தரையில் நிற்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கால் தூக்கி, ஸ்டாண்டின் மேல் இறக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள்.

டிரம்மைத் திறந்ததும் உள்ளே பழுப்பு நிறத்தில் தூள் படிந்திருக்கும். பழைய பிரேக் ஷூவாக இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். காற்றடித்து ஊதித் தள்ளக் கூடாது. முகக்கவசம் அணிந்து, சோப்புத் தண்ணீரால் நனைத்து ஈரத் துணியில் துடைத்தெடுங்கள். முன்சக்கரத்தில் கிரீஸ் மூடி, ஸ்பிலிட் பின், நட்டு, வெளிப் பேரிங் என்ற வரிசையில் கழற்றினால் ஹப்பும் டிரம்மும் ஒரே துண்டாகக் கையில் வரும். அப்படி வருவதில்தான் சிக்கல் இருக்கிறது.

முன்சக்கரம்: சுத்தியலைக் கீழே வையுங்கள்

இந்தக் கார்களின் முன்பக்க ஸ்டட்களைத் தொழிற்சாலையில் வெறுமனே அழுத்திப் பொருத்தவில்லை. ஹப்பின் பின்புறத்திலிருந்து ஸ்டட்டை நுழைத்து, மேலே டிரம்மை வைத்து, ஸ்டட்டின் தோள்பகுதி உலோகத்தைப் பிதுக்கி அடித்திருக்கிறார்கள். ரிவிட் போல அந்தப் பிதுக்கம் டிரம்மையும் ஹப்பையும் சேர்த்துக் கவ்வியிருக்கிறது. ஸ்டட்டைச் சுற்றி டிரம்மின் முகத்தில் மெல்லிய வளையமாக அது தெரியும். துருவும் பெயிண்டும் மூடியிருந்தால் சுரண்டிப் பாருங்கள்.

இதைக் கவனிக்காமல் நுனியில் சுத்தியலால் அடித்தாலோ பிரஸ்ஸில் வைத்து அழுத்தினாலோ என்ன ஆகும்? ஸ்டட் வெளியே வரத்தான் செய்யும். ஆனால் விரிந்த அந்த வளையம் ஹப்பின் துளையைச் சீவிக்கொண்டே வரும். பிறகு எந்தப் புதிய ஸ்டட்டும் அந்தத் துளையில் நிற்காது, நட்டோடு சேர்ந்து சுற்றும்.

எனவே பிதுக்கத்தை முதலில் அறுக்க வேண்டும். இதற்கென்றே குழாய் வடிவக் கட்டர் உண்டு. ஸ்டட் அதன் நடுத்துளைக்குள் நுழைந்துகொள்ள, விளிம்பில் உள்ள பற்கள் வளையத்தை மட்டும் கடையும். டிரில் பிரஸ்ஸில் மாட்டி, மெதுவான வேகத்தில், கட்டிங் ஆயில் விட்டு இறக்குங்கள். வளையம் அறுந்து சுருளாக வந்ததும் நிறுத்திவிடுங்கள். கட்டர் கிடைக்கவில்லை என்றால் வேறு வழியும் இருக்கிறது: ஸ்டட்டை டிரம்மின் முகத்தோடு அறுத்துவிட்டு, சரியான மையத்தில் பஞ்ச் குத்தி, சிறிய பிட்டிலிருந்து படிப்படியாகப் பெரிய பிட்டுக்குப் போய், வளையம் வெறும் கூடாகும்வரை துளையிடுங்கள். மையம் தவறினால் பிட் ஹப்பைத் தின்றுவிடும். கையில் பிடித்து இயக்கும் டிரில்லால் இதைச் செய்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன். பிரேக் வேலை செய்யும் லேத் பட்டறையில் கொடுத்துவிடுவது நல்லது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிரிப்பதற்கு முன் ஹப்பிலும் டிரம்மிலும் நேருக்கு நேராக ஒரு பஞ்ச் புள்ளி வையுங்கள். அதே டிரம்மை மறுபடி பயன்படுத்தினால் அதே கோணத்தில் வைக்க உதவும். பேரிங், கிரீஸ் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஸ்டட்டின் தலையைவிடச் சற்றுப் பெரிய குழாய்த் துண்டை ஹப்பின் பின்புறம் முட்டுக் கொடுத்து, நுனியைப் பிரஸ்ஸால் அழுத்துங்கள். துளையை ஒட்டியே முட்டு இருக்க வேண்டும். தள்ளி இருந்தால் ஹப்பின் தட்டு வளையும்.

சரியான ஸ்டட்டை வாங்குவது

‘மஸ்டாங் ஸ்டட்’ என்று கேட்டு வாங்கி வந்தால் மட்டும் போதாது. தலைக்குக் கீழே ஓடும் வரிவரியான பற்களை நர்லிங் என்பார்கள். துளையைக் கவ்விப் பிடிப்பது அதுதான். அதன் வெளிவிட்டம் துளையைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு பெரிதாக இருந்தால்தான் பிடிப்பு கிடைக்கும். வெர்னியர் காலிப்பரால் துளையை இரண்டு மூன்று கோணங்களில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எல்லாக் கோணத்திலும் ஒரே அளவு வராவிட்டால் துளை நீள்வட்டமாகிவிட்டது என்று பொருள். அந்த ஹப்பை ஒதுக்குங்கள். துளை வட்டமாகவே இருந்து சற்றுப் பெருகியிருந்தால் பெரிய நர்லிங் உள்ள ஸ்டட் கைகொடுக்கும்.

நீளத்தையும் பாருங்கள். அரை அங்குல ஸ்டட்டில் நட்டு குறைந்தது அரை அங்குலம் ஏறியிருக்க வேண்டும், அதாவது பத்து முழுச் சுற்று. அசல் இரும்புச் சக்கரத்துக்கு இது எளிது. தடித்த அலுமினியச் சக்கரம் மாட்டும் எண்ணம் இருந்தால் நீளமான ஸ்டட்டும் அதற்கேற்ற நட்டும் தேவைப்படலாம். ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே அளந்துவிடுங்கள்.

உள்ளே அழுத்துதல்

ஸ்டட்டைப் பின்புறத்திலிருந்து நுழைத்துக் கையால் மெல்லத் திருப்புங்கள். பழைய பற்கள் பதிந்த தடம் துளையில் இருந்தால், புதிய பற்கள் அதில் விழுவது விரலுக்குத் தெரியும். முன்புறம் குழாய் முட்டு வைத்து, தலையின் மேல் பிரஸ்ஸை இறக்குங்கள். முதலிலிருந்து கடைசிவரை ஒரே சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும். தலை ஹப்பைத் தொட்டதும் கைப்பிடி சுவரில் முட்டியதுபோல நின்றுவிடும். தலைக்கும் ஹப்புக்கும் இடையே எந்தப் பக்கத்திலும் ஒரு தாள் நுழையக் கூடாது. எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் அங்கேயே நிறுத்தி, துளையை மறுபடி அளந்து பாருங்கள்.

பிரஸ் இல்லாதவர்கள் நட்டை வைத்து இழுத்துப் பொருத்துவார்கள். செய்யலாம், முறையாகச் செய்தால். தடித்த வாஷர்களை அடுக்கி, அவற்றின் இடையே ஓரிரு சொட்டு எண்ணெய் விட்டு, தட்டையான நட்டை நீளமான ஸ்பானரால் கையாலேயே இறுக்குங்கள். ஏர் கன் வேண்டாம். அப்படிப் பயன்படுத்திய நட்டைக் குப்பையில் போட்டுவிடுங்கள். அது ஒருபோதும் சக்கரத்துக்குப் போகக் கூடாது.

ஸ்டட்டை இரவெல்லாம் ஃப்ரீசரில் வைத்தால் சுருங்கி எளிதாக நுழையும் என்று சிலர் சொல்வார்கள். இந்தத் தடிமனுக்கு அந்தக் குளிரில் எஃகு சுருங்குவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஃப்ரீசரில் இடம் அடைப்பதுதான் மிச்சம்.

ஹப்பும் டிரம்மும் ஒருமுறை பிரிந்த பிறகு டிரம் அச்சு விலகாமல் சுற்றுகிறதா என்று நுண்ணிய விலகலைக் காட்டும் டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். விலகினால் ஹப்போடு சேர்த்து லேத்தில் கடைய வேண்டும். 10 அங்குல டிரம்மின் உள்விட்டம் 10.060 அங்குலத்தைத் தாண்டும் என்றால் கடையாமல் புதிய டிரம்மாக வாங்குங்கள்.

பின்சக்கரம்

இங்கே வேலை எளிது. ஸ்டட்கள் ஆக்சிலின் தட்டில் நர்லிங் பிடிப்பில்தான் நிற்கின்றன. டிரம் அவற்றின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். ஸ்டட்டில் மெல்லிய தகட்டு வளையங்கள் செருகியிருந்தால், தொழிற்சாலையில் டிரம் விழாமலிருக்கப் போட்டவை அவை, பிய்த்து எறிந்துவிடலாம். பிரேக் ஷூவை எடுத்தால் சில கார்களில் அங்கேயே ஸ்டட்டைத் தட்டி எடுக்க இடம் கிடைக்கும். ஆனால் அடிக்கும் ஒவ்வோர் அடியும் ஆக்சில் பேரிங்கில்தான் போய் விழும். முழுக் காரையும் புதுப்பிக்கும்போது எண்ணெய் சீலை எப்படியும் மாற்றப் போகிறீர்கள். ஆகவே தட்டின் துளை வழியாக, ஆக்சிலைப் பிடித்திருக்கும் நான்கு நட்டுகளைக் கழற்றி, ஆக்சிலை வெளியே இழுத்து, பிரஸ்ஸில் வைத்தே செய்துவிடுங்கள்.

மாட்டுதல்

முன் பேரிங்குகளுக்குப் புதிய கிரீஸ் அடைத்து, ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கிப் படியவைத்து, தளர்த்தி, பிறகு கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் வையுங்கள். ஸ்பிலிட் பின் புதியதாக இருக்கட்டும்.

ஸ்டட் மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள். டார்க் (நட்டை இறுக்கும் திருப்பு விசை) அளவுகள் உலர்ந்த மரைக்குச் சொல்லப்பட்டவை. எண்ணெய் இருந்தால் அதே அளவில் ஸ்டட் கூடுதலாக இழுபடும். நட்டின் கூம்பு முகம் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். விரலால் ஏற்றி, ஒன்று விட்டு ஒன்றாக நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள். டயர் தரையைத் தொட்டதும், அந்த விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச். அரை அங்குல ஸ்டட்டுக்குப் பொதுவாக 75 முதல் 85 அடி-பவுண்டு, அதாவது சுமார் 100 முதல் 115 நியூட்டன் மீட்டர். உங்கள் காரின் கையேடு வேறு எண் சொன்னால் அதுவே செல்லும். ஒரே மூச்சில் இறுக்காமல் பாதி அளவில் ஒரு சுற்றும் முழு அளவில் ஒரு சுற்றும் போங்கள்.

80 முதல் 160 கிலோமீட்டர் ஓடிய பிறகு, சக்கரம் ஆறியிருக்கும்போது, மறுபடி டார்க் ரெஞ்ச் வையுங்கள். புதிய ஸ்டட்கள் கொஞ்சம் படிந்திருக்கும். நட்டுகள் சிறிது நகர்வது இயல்பு. இன்னொரு 80 கிலோமீட்டருக்குப் பிறகும் ஏதாவது ஒரு நட்டு நகர்கிறது என்றால் அந்த ஸ்டட்டின் தலை பின்னால் முழுதாகப் படியவில்லை, அல்லது துளை பிடிக்கவில்லை. சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கும்வரை காரை எடுக்காதீர்கள்.