ஹவாயில் பாட்டிலுக்கு 5 சென்ட்: முழுதாகத் திரும்பப் பெற

ஹோனலுலுவுக்குப் புதிதாகப் படிக்க வந்திருக்கும் தம்பி தங்கைகளே, கடை ரசீதை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். தண்ணீர் பாட்டிலோ குளிர்பான டப்பாவோ வாங்கினால் விலைக்கு மேல் சில்லறை சேர்ந்திருக்கும். அதில் 5 சென்ட் முன்பணம். காலிப் பாட்டில்களை வாங்கிக்கொள்ளும் மையத்தில் கொடுத்தால் அது திரும்ப வரும். கூடவே பிடிக்கும் சிறு கட்டணம் வராது. 'ஹை-ஃபைவ்' என்று இங்கே சொல்லும் இந்தத் திட்டம் 2005 ஜனவரி முதல் நடக்கிறது.

முதலில் முத்திரை. டப்பாவின் மேல்மூடியைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், பல மாநிலங்களின் சுருக்கெழுத்துகள் நெருக்கமாக அச்சாகியிருக்கும். அவற்றுள் 'எச்ஐ 5 சென்ட்' (HI 5¢) இருக்க வேண்டும்; 'எச்ஐ' என்பது ஹவாயின் சுருக்கம். பாட்டிலில் லேபிளின் ஓரத்தில் தேடுங்கள். அலுமினியம், கண்ணாடி, 1 அல்லது 2 என்ற எண் பொறித்த பிளாஸ்டிக் ஆகியவை 68 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 2 லிட்டர் வரை செல்லும். பால், ஒயின் பாட்டில்கள் சேராது.

குடித்தவுடன் ஒரு வாய்த் தண்ணீர் விட்டு அலசிக் கவிழ்த்து வையுங்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் கொய்யாச் சாறு டப்பா ஒன்று போதும், மறுநாள் காலை சமையலறை முழுக்க எறும்புதான். பாட்டில் மூடிகளைக் கழற்றிவிடுங்கள். அலுமினியம், கண்ணாடி, பிளாஸ்டிக் மூன்றையும் வீட்டிலேயே தனித்தனிப் பைகளில் பிரித்துக்கொண்டால் மையத்தில் வெயிலில் நின்று பிரிக்க வேண்டியதில்லை.

பலரும் பணத்தை விடுவது மையத்தில்தான். பேசாமல் பையை நீட்டினால் தராசில் ஏற்றிவிடுவார்கள். ஒரு பவுண்டுக்குச் சராசரியாக இத்தனை பாட்டில் என்று வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். இப்போதைய தண்ணீர் பாட்டில்கள் விரலால் அழுத்தினாலே நசுங்கும் அளவுக்கு மெல்லியவை. சராசரியை விட எடை குறைந்தால் உங்கள் பணமும் குறையும். 200 பாட்டில், டப்பாக்கள் வரை ஒவ்வொன்றாக எண்ணிப் பணம் தரும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பையைக் கீழே வைக்கும் முன்பே, "எண்ணிக் கொடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். பின்னால் வரிசை நீள்கிறதே என்று கூச்சப்படாதீர்கள், அது நீங்கள் கொடுத்து வைத்த பணம்.

வீட்டு வாசலில் இருக்கும் நீலத் தொட்டியில் போட்டாலும் மறுசுழற்சிக்குப் போகும், ஆனால் 5 சென்ட் உங்கள் கைக்கு வராது. சாதாரணக் குப்பையில் மட்டும் போட்டுவிடாதீர்கள். ஹோனலுலு இருக்கும் ஓவாஹு தீவின் வீட்டுக் குப்பையில் பெரும்பகுதி மின்சாரத்துக்காக எரிக்கப்படுகிறது. கடல் கடந்து கப்பலில் வந்த அலுமினியத்தை ஒரே நாளில் சாம்பலோடு சேர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மையத்துக்குப் போக நேரமில்லையா? அக்கம்பக்கத்தில் டப்பா பொறுக்கி வாழ்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் குடியிருப்புக்கு வரும் பெரியவரிடம் கேட்ட பிறகே நான் பை கொடுக்கத் தொடங்கினேன். அலசி, மூடி கழற்றி, வகை பிரித்துக் கட்டிக் கையில் கொடுங்கள். குப்பைத் தொட்டிக்குள் கைவிட வேண்டிய நிலைக்கு அவர்களைத் தள்ளாதீர்கள்.