எண்டோமெட்ரியம் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

எண்டோமெட்ரியம் என்பது கருப்பையின் உட்சவ்வு. உறைய வைத்த கருவைக் கருப்பையில் வைப்பதற்கு முன் வரும் ரிப்போர்ட்டில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: "எண்டோ 8.2 மி.மீ., ட்ரிபிள் லைன், சோன் 3."

முதலில் ஸ்கேன் எடுத்த நாளைப் பாருங்கள். ஈஸ்ட்ரஜன் மாத்திரை (வழக்கமாக 2 மி.கி., நாளைக்கு மூன்று வேளை) பத்துப் பன்னிரண்டு நாள் போட்ட பிறகு, புரோஜெஸ்டிரோன் தொடங்கும் முன் எடுத்ததாக இருக்க வேண்டும். ட்ரிபிள் லைன் என்றால் சவ்வு மூன்று கோடுகளாகத் தெரிகிறது என்று பொருள். புரோஜெஸ்டிரோன் ஆரம்பித்தபின் அந்தக் கோடுகள் மறைந்து சவ்வு முழுக்க வெள்ளையாகத் தெரியும். அது இயல்பு.

தடிமன் 7 மி.மீ.க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். உள்ளே நீர் தேங்கியிருந்தால் இரு பக்கச் சவ்வையும் தனித்தனியே அளந்து கூட்ட வேண்டும். நீரையும் சேர்த்து அளந்தால் 6 மி.மீ. சவ்வு 8 ஆகிவிடும்.

சோன் என்பது ரத்தக் குழாய் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்பதற்கான கணக்கு. 1 என்றால் சவ்வைச் சுற்றிய தசையோடு நின்றுவிட்டது, 2 சவ்வின் வெள்ளை ஓரம், 3 உள்ளிருக்கும் கறுப்புப் பட்டை, 4 நடுக்கோடு. 3, 4 நல்லது. கூடவே கருப்பைத் தமனியின் பி.ஐ. எண் இருக்கும், 3-ஐத் தாண்டினால் ரத்தம் போகத் தடை அதிகம் என்று பொருள்.

"ரத்த ஓட்டம் இல்லை" என்று எழுதியிருந்தால் உடனே கலங்க வேண்டாம். இந்த நுண்குழாய்களில் ரத்தம் மிக மெதுவாக ஓடும். ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் வேக அளவு (பி.ஆர்.எஃப்.) உயர்த்தி வைத்திருந்தால் நிறமே விழாது, கருவியை அழுத்திப் பிடித்தாலும் அப்படித்தான். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, வேக அளவைக் குறைத்து இன்னொரு முறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சோன் 1 வந்தும் கரு தங்கியவர்கள் உண்டு. டாப்ளரை மட்டும் வைத்து ஒரு சுழற்சியைக் கைவிடுவது சரியல்ல என்பதே எங்கள் கருத்து.

சவ்வு திரும்பத் திரும்ப மெலிந்தே வந்தால் காரணத்தைத் தேட வேண்டும். முன்பு டி அண்ட் சி (கருப்பையின் உட்புறத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) செய்திருந்தால் உள்ளே ஒட்டுத் தழும்பு இருக்கலாம். நம் நாட்டில் கருப்பைக் காசநோயையும் மறக்கக் கூடாது. இவற்றுக்கு ஹிஸ்டரோஸ்கோபி (கருப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) வேண்டும், மாதுளை ஜூஸ் போதாது. சவ்வைத் தடிப்பாக்கத் தரும் ஆஸ்பிரின், சில்டெனாஃபில் இரண்டுக்கும் ஆதாரம் வலுவாக இல்லை. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர் சில்டெனாஃபில் சேர்த்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கும். கடையில் தானாக வாங்கிப் போடாதீர்கள். உறைய வைத்த கரு அடுத்த மாதம் வரை காத்திருக்கும்.