‘வாங்கியது’ என்று எழுதுவதற்கு முன்னால்

நாளிதழ் டெஸ்க்கில் பல வருடம் இரவு ஷிப்ட் பார்த்தவன் நான். ஒருநாள் பக்கம் முடிக்கிற அவசரத்தில் ‘ராணுவத்துக்குப் புதிய பீரங்கிகள் வாங்குகிறது மத்திய அரசு’ என்று தலைப்புப் போட்டுவிட்டேன். மறுநாள் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் போனில் பிடித்தார். “தம்பி, இன்னும் யார்கிட்டயும் விலையே கேக்கலை. அதுக்குள்ள வாங்கிட்டீங்களே?”

அன்றிலிருந்து இந்த மாதிரிச் செய்தியில் எத்தனை கோடி என்பதை அப்புறம்தான் பார்ப்பேன். முதலில் வினைச்சொல். நீங்களும் அப்படியே பழகுங்கள்.

‘ஒப்புதல்’ என்று வந்தால், கொடுத்தது யார் என்று தேடுங்கள். பாதுகாப்பு அமைச்சர் தலைமையிலான கொள்முதல் கவுன்சில் என்றால் பெரும்பாலும் அது ‘தேவைக்கான ஒப்புதல்’. ஃபிரிட்ஜ் வேண்டும்தான் என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று, கடைக்கு இன்னும் கிளம்பவில்லை, அவ்வளவுதான். இனிமேல்தான் கம்பெனிகளிடம் விலைப்புள்ளி கேட்க வேண்டும், பாலைவனத்திலும் பனியிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும், பேரம் பேச வேண்டும். தொகை பெரிது என்றால் கோப்பு பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழுவுக்குப் போகும். பிரதமர் தலைமையில் பாதுகாப்பு, உள்துறை, நிதி, வெளியுறவு அமைச்சர்கள் உட்காரும் இடம் அது. அங்கே கிடைக்கும் ஒப்புதலுக்குக் கனம் அதிகம். அதற்கப்புறமும் ஒப்பந்தத்தில் கையெழுத்து விழ வேண்டும்.

இடையில் என்னவெல்லாம் மாறும் என்பதற்கு ரஃபேல் கதை போதும். 126 போர் விமானங்களுக்கு விலைப்புள்ளி கேட்டது 2007 ஆகஸ்ட்டில். ரஃபேல் விமானத்தைத் தயாரிக்கும் பிரான்சின் டசால்ட் நிறுவனம் குறைந்த விலை சொன்னதாகத் தேர்வானது 2012 ஜனவரியில். பேரம் இழுத்துக்கொண்டே கிடக்க, 2015 ஏப்ரலில் பாரிஸ் போன பிரதமர் 36 விமானங்கள் என்று அறிவித்தார். இரு அரசுகளும் ஒப்பந்தம் போட்டது 2016 செப்டம்பர் 23. முதல் ஐந்து அம்பாலா விமானப்படைத் தளத்தில் இறங்கியது 2020 ஜூலை 29. இதில் எந்தத் தேதிக்கு ‘வாங்கியது’ பொருந்தும்? என்னைக் கேட்டால் 2016. 2012இலேயே எழுதியிருந்தால் 90 விமானங்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.

சரி, வெளியுறவுச் செய்திக்கு வருவோம். சர்வதேச உடன்படிக்கையில் ‘கையெழுத்திட்டது’ வேறு, ‘ஏற்று உறுதிசெய்தது’ வேறு. முதலாவது சேர விருப்பம் காட்டுவது, இரண்டாவதில்தான் நாடு அதற்குக் கட்டுப்படுகிறது. ரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கையில் இந்தியா 1993இல் கையெழுத்திட்டு 1996இல் உறுதிசெய்தது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் போட்ட கையெழுத்து, வெறும் கையெழுத்தாகவே நிற்கிறது. இன்னொன்று: அமெரிக்காவில் உறுதிசெய்வதற்கு செனட் சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வாக்கு வேண்டும், இங்கே உறுதிசெய்வது மத்திய அரசே. நிறைவேற்றத் தனிச் சட்டம் தேவைப்பட்டால்தான் விஷயம் நாடாளுமன்றத்துக்கு வரும்.

அடிக்கடி சறுக்குகிற இடம் ‘தூதரை அழைத்தது’. தமிழில் இதற்கு இரண்டு அர்த்தம் வந்துவிடும். வேறு நாட்டுத் தூதரைத் தன் அமைச்சகத்துக்கு வரச்சொல்லி அதிருப்தியைத் தெரிவித்தால் ‘வரவழைத்தது’. தன் தூதரையே ஊருக்கு வரச்சொன்னால் ‘திரும்ப அழைத்தது’. இரண்டாவதுதான் சூடு அதிகம். பிரான்சிடம் நீர்மூழ்கிக் கப்பல் வாங்கும் ஒப்பந்தத்தை ஆஸ்திரேலியா கைவிட்டு அமெரிக்கா பக்கம் போனதும், 2021 செப்டம்பரில் பிரான்ஸ் செய்தது அதுதான்: கான்பெராவிலும் வாஷிங்டனிலும் இருந்த தன் தூதர்களைத் திரும்ப அழைத்தது. குழப்பமாக இருந்தால் தூதருடைய கார் எங்கே போகிறது என்று நினைத்துப் பாருங்கள். அமைச்சக வாசலுக்கா, விமான நிலையத்துக்கா?