வான்கோழி மலிவுதான், ஏறுவது பில்

அமெரிக்காவுக்கு வந்த இரண்டாம் வருடம், 22 பவுண்டு (சுமார் பத்து கிலோ) உறைந்த வான்கோழி ஒன்றை இலவசமாக வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சாப்பிட இருந்தவர்கள் ஐந்து பேர், அதில் இரண்டு பேர் சின்னக் குழந்தைகள். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது கோழியாடா, ஆட்டுக்குட்டியாடா?" என்று கேட்டார். செவ்வாய் இரவு ஃப்ரிட்ஜில் வைத்தது, வியாழன் காலையிலும் கல்லாகவே இருந்தது. நவம்பர் நான்காம் வியாழனில் வரும் அமெரிக்கர்களின் வான்கோழிப் பண்டிகையான தேங்ஸ்கிவிங் மதியம், நாங்கள் சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டோம்.

அந்த இலவசத்துக்காக ஒரு மாதம் முழுக்க ஒரே கடையில் மளிகை வாங்கியிருந்தேன். பக்கத்துக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும் வெங்காயத்தையும் பாலையும்கூட அங்கேயே வாங்கினேன். கணக்குப் போட்டுப் பார்க்க எனக்கு டிசம்பர் ஆனது.

மளிகை விலை ஏற ஏற இந்த மாதிரித் தவறுகளுக்கான விலையும் ஏறுகிறது. முதலில் செய்தியைப் பார்த்துப் பதறுவதிலிருந்து தொடங்கலாம்.

2025 இலையுதிர் காலத்தில் எல்லாச் செய்திகளிலும் வான்கோழிப் பஞ்சம்தான் பேச்சு. அதில் பொய்யில்லை. 2022 பிப்ரவரியில் இந்தியானா மாநிலத்தின் ஒரு வான்கோழிப் பண்ணையில் தென்பட்ட பறவைக் காய்ச்சல் அதற்குப் பிறகு ஓயவே இல்லை. கூடவே மெட்டாநியூமோ வைரஸ் என்ற இன்னொன்றும் முட்டைப் பொரிப்பைக் குறைத்தது. அமெரிக்க வேளாண் துறையின் கணக்கில் 2025-இல் வளர்க்கப்பட்ட வான்கோழிகள் சுமார் 19.5 கோடி, 40 வருடங்களில் இதுதான் குறைவு. மொத்த விற்பனை விலை பவுண்டுக்கு 94 சென்ட்டிலிருந்து 1.32 டாலராக, அதாவது சுமார் 40 சதவீதம் ஏறும் என்று அதே துறை கணித்தது. இதைப் படித்துவிட்டு அக்டோபரிலேயே முழு விலை கொடுத்து வாங்கி ஃப்ரீசரில் அடைத்தவர்கள் என் நட்பு வட்டத்திலேயே இருந்தார்கள்.

கடையில் நடந்ததோ தலைகீழ். அமெரிக்க விவசாயிகள் கூட்டமைப்பு 1986 முதல் ஒவ்வொரு வருடமும் 10 பேருக்கான தேங்ஸ்கிவிங் விருந்தின் விலையைக் கணக்கிட்டு வெளியிடுகிறது. அதில் 16 பவுண்டு உறைந்த வான்கோழி 2022-இல் 28.96 டாலர், 2024-இல் 25.67, 2025-இல் 21.50. மொத்த விற்பனை விலை ஏறிய வருடத்தில் சில்லறை விலை 16 சதவீதம் இறங்கியிருக்கிறது.

காரணம் எளிது. பெரிய கடைகள் பல மாதங்களுக்கு முன்பே பண்ணைகளோடு விலை பேசி முடித்துவிடுகின்றன. அதற்கு மேல், நவம்பரில் வான்கோழியை அவர்கள் லாபத்துக்கு விற்பதில்லை. அடக்க விலைக்கோ அதற்கும் கீழேயோ விற்கிறார்கள். நம் ஊர்த் துணிக்கடைகள் ஆடித் தள்ளுபடியில் ஒரு புடவையை வாசலில் தொங்கவிடுவது போலத்தான். அந்தப் புடவைக்காக உள்ளே போகிறவர் வெறும் அந்தப் புடவையோடு வெளியே வருவதில்லை என்பது கடைக்காரருக்குத் தெரியும்.

ஆகவே செய்திக்குப் பயந்து முன்கூட்டி வாங்க வேண்டாம். உறைந்த பறவையின் விலை பெரும்பாலும் தேங்ஸ்கிவிங்குக்கு முந்தைய இரண்டு வாரங்களில்தான் இறங்குகிறது. குறிப்பிட்ட எடையோ ஹலாலோ வேண்டும் என்றால் மட்டும் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

இனி உள்ளே போன பிறகு நடப்பது. மேலே சொன்ன அதே 2025 கணக்கில் வான்கோழி இறங்கியபோது சர்க்கரைவள்ளிக் கிழங்கு 37 சதவீதம் ஏறியிருந்தது. கேரட்டும் செலரியும் அடங்கிய காய்கறித் தட்டு 61 சதவீதம் ஏறியிருந்தது. வான்கோழியில் மிச்சம் பிடித்த நாலு டாலரை, அதே வண்டியில் கிடக்கும் காய்கறியும் 'பை' (pie) பலகாரமும் கிரீமும் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்கின்றன. நான் இப்போது செய்வது இதுதான்: மலிவான கடையில் வான்கோழியை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியேறுவேன். காய்கறிக்கு இந்தியக் கடையோ சீனக் கடையோ போவேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும், ஒற்றைக் கோழியோடு பில் போட நிற்பது. பழகிவிடும்.

ஆனால் ஒற்றைக் கோழியோடு போனால் சில இடங்களில் அந்த விலை கிடைக்காது. விளம்பரத் தாளில் பெரிதாக 49 சென்ட் என்று இருக்கும். அடியில் எறும்பு எழுத்தில் "25 டாலருக்கு மேல் வேறு பொருள் வாங்கினால்", "உறுப்பினர் அட்டை இருந்தால்", "குடும்பத்துக்கு ஒன்று" என்று இருக்கும். கடையின் ஆப்பில் கூப்பனைத் தட்டிச் சேர்க்காவிட்டால் கணினி முழு விலையைப் போட்டுவிடும். வடகிழக்கு மாநிலங்களில் சில கடைகள் அக்டோபர் நடுவிலிருந்து 400 டாலருக்கு மளிகை வாங்கினால் வான்கோழி இலவசம் என்கின்றன. வழக்கமாகவே அங்கே வாங்குகிறவருக்கு இது நல்ல பேரம். வழக்கமாகப் போகாத கடைக்கு இதற்காக மாறினால் என் கதைதான். பவுண்டுக்கு ஒரு டாலர் என்று வைத்தால், 12 பவுண்டு பறவையின் மதிப்பு 12 டாலர். 400 டாலரில் 3 சதவீதம் கூடுதலாகக் கொடுத்திருந்தாலே அந்த 12 டாலர் போய்விட்டது.

விருந்துப் பெட்டிகளிலும் இதே கவனம் தேவை. வால்மார்ட் 2024-இல் 8 பேருக்குச் சுமார் 55 டாலருக்கு ஒரு விருந்துத் தொகுப்பு அறிவித்தது. 2025-இல் 10 பேருக்கு 40 டாலருக்குள். பெரிய விலைக் குறைப்பு என்று அரசியல் மேடையிலும் பேசப்பட்டது. தொகுப்பைப் பிரித்துப் பார்த்தால் பொருள்களின் எண்ணிக்கை குறைந்திருந்தது, சில பிராண்டுகளும் மாறியிருந்தன. தொகுப்பு மோசம் என்று சொல்ல வரவில்லை. உங்கள் வீட்டில் யாரும் தொடாத ஸ்டஃபிங் என்ற ரொட்டிக் கலவையும் கிரான்பெர்ரி டப்பாவும் அதில் இருந்தால், 40 டாலர் என்பது உங்களுக்கு 40 டாலர் அல்ல.

வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஆப்களில் ஆர்டர் செய்யும்போது தள்ளுபடி விலை பொருந்துகிறதா என்று பாருங்கள். பல நேரம் பொருந்தாது. மேலும் 12 பவுண்டு தீர்ந்துவிட்டால் 20 பவுண்டு வந்து வாசலில் நிற்கும்.

இப்போது எடை. எனக்குப் பெரிய அடி விழுந்தது இதில்தான்.

கணக்கு என்னவோ எளிது: எலும்போடு சேர்த்து ஆளுக்கு ஒரு பவுண்டு, மிச்சம் வேண்டுமானால் ஒன்றரை. ஆனால் இந்தக் கணக்கு வான்கோழியை நடுநாயகமாக வைத்துச் சாப்பிடும் அமெரிக்க மேசைக்கானது. நம் வீட்டுக் கூட்டத்தில் இரண்டு பேர் சைவம், மூன்று பேர் "ஒரு துண்டு போதும்" கட்சி, பக்கத்தில் பிரியாணியும் கத்தரிக்காய்ப் பச்சடியும் இருக்கும். 12 பேர் வந்தால் எங்களுக்கு 8 பவுண்டே தாராளம். பவுண்டு 1.29 டாலருக்கு 12 பவுண்டுப் பறவை, 99 சென்ட்டுக்கு 22 பவுண்டுப் பறவை என்று இரண்டும் இருந்தால் கண் தானாக 99 சென்ட்டுக்குத்தான் போகும். முதலாவது 15.48 டாலர், இரண்டாவது 21.78. ஆறு டாலர் கூடுதலாகக் கொடுத்து, ஒரு வாரம் தின்று சலித்து, கடைசியில் குப்பையில் போடும் இறைச்சியை வாங்குகிறோம். பெரிய பறவைக்கு பெரிய தட்டு வேண்டும், ஓவனில் கூடுதல் நேரம் வேண்டும், ஃப்ரிட்ஜில் இரண்டு தட்டைக் கழற்ற வேண்டும். பெரியதை வாங்கியே தீருவேன் என்றால் ஒரு வழி உண்டு: சில கடைகளில் இறைச்சிப் பகுதியில் கேட்டால் உறைந்த பறவையை ரம்பத்தில் இரண்டாக அறுத்துத் தருவார்கள். பாதி நவம்பருக்கு, பாதி கிறிஸ்துமஸுக்கு.

நான்கு பேர் மட்டும் என்றால் வான்கோழியே வேண்டுமா என்றும் யோசிக்கலாம். காஸ்ட்கோ கடையில் சுட்ட முழுக்கோழி பல வருடங்களாக 4.99 டாலரிலேயே நிற்கிறது. இதைச் சொன்னால் என் மகள் முறைக்கிறாள். பள்ளியில் எல்லோரும் வான்கோழிப் படம் வரைந்துவிட்டு வரும் வாரம் அது.

உறையில் எழுதியிருப்பதற்குக் கூடுதல் பணம் கொடுப்பது அடுத்தது. "ஹார்மோன் சேர்க்காதது" என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். அமெரிக்காவில் கோழி, வான்கோழி எதற்கும் ஹார்மோன் கொடுக்கவே சட்டத்தில் இடமில்லை. அதையும் அதே உறையில் போட்டாக வேண்டும் என்பது விதி, கூர்ந்து பார்த்தால் தெரியும். எல்லாவற்றிலும் இல்லாத ஒன்று இதில் இல்லை என்பதற்காக ஏன் கூடுதல் விலை? "ஃப்ரெஷ்" என்பதும் அப்படித்தான் ஏமாற்றும். இன்று காலை அறுத்தது என்று அதற்குப் பொருள் இல்லை. 26 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே குளிரூட்டவில்லை என்பதுதான் பொருள். அதற்கு விலையும் பொதுவாக அதிகம், சமைப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்புதான் வாங்கவும் வேண்டும். மசாலா தடவி சமைக்கிற நமக்கு உறைந்ததே போதும். பண்ணையில் மேய்ந்த பழைய ரகப் பறவை பவுண்டுக்குப் பல டாலர் விற்கிறது. சுவை பிடித்து வாங்கினால் சரி, பக்கத்து வீட்டார் வாங்கினார் என்று வாங்கினால் மயிலைப் பார்த்து ஆடிய கதை.

கவனிக்க வேண்டிய எழுத்து வேறொன்று. "8 சதவீதம் வரை கரைசல் சேர்க்கப்பட்டது" என்று சிறியதாக இருக்கும். உப்புத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். 12 பவுண்டில் கிட்டத்தட்ட ஒரு பவுண்டு தண்ணீருக்கே காசு கொடுக்கிறோம். மலிவான பறவைகள் பலவும் இப்படித்தான் வரும், அதனால் தவிர்க்கவேண்டும் என்றில்லை. ஆனால் அதை மறுபடி இரவு முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் உப்புக் கரித்து வீணாகும். இதற்கு மசாலாவிலும் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

உருகவைப்பதில் கோட்டைவிட்டால் மேலே சேமித்த அத்தனையும் போய்விடும். ஃப்ரிட்ஜில் ஒவ்வொரு 4 முதல் 5 பவுண்டுக்கும் 24 மணி நேரம். 12 பவுண்டுக்கு மூன்று நாள், ஆகவே ஞாயிறு இரவோ திங்கள் காலையோ உள்ளே போக வேண்டும். என் 22 பவுண்டு பூதம் சனிக்கிழமையே போயிருக்க வேண்டும். உருகிய பிறகும் ஒன்றிரண்டு நாள் ஃப்ரிட்ஜில் இருக்கலாம் என்பதால் ஒரு நாள் முன்னதாக வைப்பதில் நட்டமில்லை. மறந்துவிட்டால் உறையோடு குளிர்ந்த தண்ணீரில் முக்கி, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும்; பவுண்டுக்கு அரை மணி, 12 பவுண்டுக்கு ஆறு மணி நேரம், உடனே சமைத்துவிட வேண்டும். சமையல்மேடையில் இரவு முழுக்க வைத்துவிடுவது மட்டும் வேண்டாம், வெளிப்புறம் கெட்டுப்போய் உள்ளே பனிக்கட்டியாக இருக்கும். முழுக்க உறைந்ததையே நேராக ஓவனில் வைப்பதும் பாதுகாப்பானதுதான் என்கிறது வேளாண் துறை. நேரம் ஒன்றரை மடங்கு ஆகும், அவ்வளவுதான். இது அன்று தெரிந்திருந்தால் அம்மாவுக்குச் சாம்பார் வைக்கும் வேலை மிச்சமாகியிருக்கும்.

வெந்ததா என்று பார்க்கப் பறவையோடு வரும் பிளாஸ்டிக் குச்சியை நம்ப வேண்டாம். பத்துப் பதினைந்து டாலருக்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, தொடை, நெஞ்சு, இறக்கை மூட்டு மூன்றிலும் 165 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டுகிறதா என்று பாருங்கள். பயந்து கூடுதலாக வேகவைத்து நாராக்கிய நெஞ்சுக்கறியை யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை, அதுவும் வீண்செலவுதான். சந்தேகம் என்றால் வான்கோழி விற்கும் பட்டர்பால் நிறுவனம் 1981 முதல் பண்டிகை நாட்களில் நடத்தும் தொலைபேசி உதவிக்கு அழைக்கலாம். இலவசம்.

உள்ளே ஒரு பையில் கழுத்தும் ஈரலும் இருக்கும். பல அமெரிக்க வீடுகளில் அது பையோடு வெந்துபோகும் அல்லது குப்பைக்குப் போகும். நமக்கு அது மிளகு போட்டு வறுக்க ஒரு கைப்பிடி. எலும்புக்கூட்டை இஞ்சி, பூண்டு, மிளகு, சீரகம் தட்டிப்போட்டு இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டால், நவம்பர் சளிக்கு அதைவிட நல்ல ரசம் இல்லை. மிச்ச இறைச்சியை நான்கு நாளுக்குள் தின்றுவிடுங்கள், இல்லையென்றால் பிய்த்து உறையவையுங்கள். கொத்துப் பரோட்டாவுக்கு வான்கோழி அருமையாகப் பொருந்தும் என்று எங்கள் வீட்டில் இப்போது எல்லோருக்கும் தெரியும்.

வேலை போனவர்களும், விசா கெடு நெருங்கியவர்களும் இந்த மாதத்தில் கையைப் பிசைந்துகொண்டு இருப்பார்கள். 211 என்ற எண்ணை அழைத்தால் அருகிலுள்ள உணவு வங்கி எது என்று சொல்வார்கள். தேங்ஸ்கிவிங் வாரத்தில் பல உணவு வங்கிகளும் தேவாலயங்களும் வான்கோழி கொடுக்கின்றன. போக வெட்கப்பட்டுக் கடன் அட்டையில் விருந்து வைத்தவரை எனக்குத் தெரியும். வட்டியோடு அந்த வான்கோழி அவருக்கு என்ன விலை ஆனதோ.

தேங்ஸ்கிவிங்குக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை ஒருமுறை கடைக்குப் போய்ப் பாருங்கள். விற்காமல் மிஞ்சிய உறைந்த பறவைகளை விலை குறைத்துத் தள்ளுவார்கள். ஃப்ரீசரில் ஒரு வருடம்வரை சுவை கெடாது. எங்கள் வீட்டில் பிரச்சினை விலையில் இல்லை. தேங்காய்த் துருவலும் முருங்கைக்காயும் இட்லி மாவு டப்பாவும் போக, ஃப்ரீசரில் பத்து பவுண்டுக்கு மேல் இடம் இல்லை. இந்த வருடம் அளவு நாடாவோடு போகச் சொல்லியிருக்கிறார் மனைவி.