பூச்சி மாத்திரை வேலை செய்கிறதா: கொக்கிப்புழு முட்டையை எண்ணும் முறை

அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை ஒரு ஊரில் எவ்வளவு வேலை செய்தது என்று அறிய, மருந்துக்கு முன்னும் பின்னும் மலத்தில் உள்ள புழு முட்டைகளை எண்ணி ஒப்பிட வேண்டும். இதற்கு உலகெங்கும் கையாளப்படுவது கேட்டோ-காட்ஸ் முறை. ஜப்பானில் பிறந்த இதை, 1972இல் பிரேசிலில் அளவெடுத்து எண்ணும் முறையாகச் செம்மைப்படுத்தினார்கள். செலவு குறைவு. ஆனால் கொக்கிப்புழு விஷயத்தில் கடிகாரத்தைப் பார்க்காமல் வேலை செய்தால் கணக்கே பொய்யாகிவிடும்.

முந்தின நாளே கரைசலைத் தயார் செய்யுங்கள். கிளிசரின் 100 மி.லி., காய்ச்சி வடித்த நீர் 100 மி.லி., 3 சதவீத மலக்கைட் கிரீன் என்ற பச்சைச் சாயம் 1 மி.லி. செல்லோஃபேன் (கண்ணாடித்தாள்) துண்டுகளை இதில் குறைந்தது 24 மணி நேரம் ஊறவிட வேண்டும். அவசரத்தில் பாதி ஊறிய துண்டைப் போட்டால் ஸ்லைடு தெளியாது.

மலத்தை அன்றே சோதித்துவிடுவது நல்லது. வெப்பத்தில் வைத்தால் ஓரிரு நாளில் கொக்கிப்புழு முட்டை பொரிந்து புழுவாகிவிடும். எண்ண முட்டை இருக்காது. ஐஸ் பெட்டியில் கொண்டுவரலாம், உறையவிடக் கூடாது. கெடாமலிருக்க ஃபார்மலின் ஊற்றிய மலமும், தண்ணீராகப் போன மலமும் இந்த முறைக்கு ஆகாது.

கையுறை போட்டுக்கொண்டு, மலத்தின் மேல் நைலான் வலையை அழுத்தி, வலைக்கு மேலே பிதுங்கி வருவதைத் தட்டைக்கரண்டியால் வழித்தெடுங்கள். ஸ்லைடின் நடுவில் 41.7 மில்லிகிராம் கொள்ளும் அச்சை வைத்து, துளையை இடைவெளி விடாமல் நிரப்பி, மேலே மட்டமாக வழித்துவிடுங்கள். உள்ளே காற்றுக்குமிழ் தங்கினால் அளவு குறையும். அச்சை நேராக மேலே தூக்குங்கள். ஊறிய செல்லோஃபேனைப் போர்த்தி, ஸ்லைடைக் கவிழ்த்து, வழவழப்பான பரப்பில் ஒரே சீராக அழுத்துங்கள். அடியில் செய்தித்தாளை வைத்தால் பூச்சு வழியாக எழுத்து படிக்கத் தெரிய வேண்டும். அதுதான் சரியான மெல்லிசு. எடுக்கும்போது ஸ்லைடைப் பக்கவாட்டில் நகர்த்தி எடுங்கள். வெடுக்கென்று தூக்கினால் செல்லோஃபேன் பிரிந்துவிடும். முட்டைகள் மலத்தில் சீராகப் பரவியிருப்பதில்லை என்பதால் ஒரு மாதிரிக்கு இரண்டு ஸ்லைடு போடுங்கள்.

இனி நேரம். கிளிசரின் மலத்தைத் தெளிய வைக்கிறது; அதே கிளிசரின்தான் கொக்கிப்புழு முட்டையையும் அழிக்கிறது. மெல்லிய ஓடு, உள்ளே நாலைந்து செல்கள், சுற்றிலும் தெளிந்த வளையம். முதலில் ஓடு மங்கும், பிறகு செல்கள் மங்கும், பிறகு அந்த இடத்தில் ஒன்றுமே இருந்ததாகத் தெரியாது. ஆகவே 30 முதல் 60 நிமிடத்துக்குள் எண்ணிவிட வேண்டும். உருண்டைப்புழு, சாட்டைப்புழு முட்டைகளின் ஓடு தடித்தது, அவை காத்திருக்கும். முதலில் கொக்கிப்புழுவை எண்ணிவிட்டு அவற்றுக்குப் போங்கள்.

எண்ணிக்கையை 24ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்பது கிடைக்கும். இரண்டு ஸ்லைடில் 15, 19 என்றால் சராசரி 17, அதாவது கிராமுக்கு 408. கொக்கிப்புழுவில் 2,000க்குக் கீழே லேசான தொற்று, 4,000க்கு மேல் கடுமையானது.

மாத்திரையைக் கண்ணெதிரே மென்று விழுங்க வையுங்கள். கையில் கொடுத்துவிட்டு வந்தால் கணக்கில் நம்பிக்கை இல்லை. மறுசோதனை 14 முதல் 21 நாளுக்குள். அதற்கு முன்னே போனால் சாகாத புழு முட்டையிடுவதை மட்டும் நிறுத்தி வைத்திருக்கக்கூடும். தாமதித்தால் மருந்து தொடாத இளம் புழுக்கள் வளர்ந்து முட்டையிடத் தொடங்கும்.

முன்பு முட்டை இருந்தவர்கள் எல்லாருடைய கூட்டுச் சராசரியையும் (எண்களைக் கூட்டி ஆள் கணக்கால் வகுப்பது) முன், பின் என எடுத்து, எத்தனை சதவீதம் குறைந்தது என்று பாருங்கள். எண்களைப் பெருக்கி வேர் எடுக்கும் பெருக்குச் சராசரி வேண்டாம். சிலரிடம் மட்டும் குவிந்திருக்கும் புழுச்சுமையை அது மறைத்து, மருந்தை உயர்த்திக் காட்டும். அல்பெண்டசோலுக்குக் கொக்கிப்புழுவில் 90 சதவீதமாவது குறைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

முன் சராசரி 408, பின் சராசரி உண்மையில் 100 என்று வைத்துக்கொள்வோம். குறைவு 75.5 சதவீதம், மருந்தைச் சந்தேகிக்க வேண்டிய எண். மறுசோதனை ஸ்லைடுகளை மதிய உணவு முடிந்து பார்த்ததில் 36 மட்டுமே தெரிந்தால் 91.2 சதவீதம் என்று வரும், மருந்து தேறிவிடும். அதனால் பூச்சு போட்ட நேரம், எண்ணிய நேரம் இரண்டையும் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் எழுதுங்கள்.

பத்தில் ஒரு ஸ்லைடை இன்னொருவர் எண்ணிச் சரிபார்ப்பது வழக்கம். கொக்கிப்புழுவுக்கு அதை மறுநாளுக்குத் தள்ள முடியாது. இரண்டாம் ஆள் அதே அறையில், அடுத்த மைக்ரோஸ்கோப்பில், அதே ஒரு மணி நேரத்துக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும்.