'காப்பி மட்டும்தான் குடிச்சார்': செரிமானக் கணக்கில் நேரும் தவறுகள்

சாப்பிட்டது செரிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், பலரும் நான்கு மணி நேரம் என்பார்கள். அது இரைப்பையின் கணக்கு மட்டும். சிறுகுடலைக் கடக்க இன்னும் 2 முதல் 6 மணி நேரம், பெருங்குடலில் ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். ஆபரேஷனுக்கு முன் பார்க்க வேண்டியது இரைப்பைக் கணக்கைத்தான். அதில்தான் தப்பு நடக்கிறது.

பாலைத் தண்ணீரோடு சேர்ப்பது

காலை 8 மணிக்கு ஆபரேஷன். "பாவம், ராத்திரியிலிருந்து வெறும் வயிறு" என்று 5:30-க்கு வீட்டார் ஒரு டம்ளர் பால் காப்பி கொடுத்துவிடுகிறார்கள். மயக்க மருந்து டாக்டர் கேட்டால், "ஒண்ணும் சாப்பிடலை டாக்டர், காப்பி மட்டும்தான்" என்கிறார்கள். திட்டுவாரோ என்று பயந்து அதையும் மறைப்பவர்கள் உண்டு. எத்தனை முறை சொன்னாலும் ஓயாத தவறு இது. உயிரோடு விளையாடுவது என்பதால் கோபம் வருகிறது.

பால் டம்ளரில் இருக்கும்வரைதான் திரவம். இரைப்பை அமிலம் பட்டதும் திரிந்து கட்டிகட்டியாகிவிடும். அதிலுள்ள கொழுப்பு சிறுகுடலுக்கு வந்ததும், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும் ஹார்மோன் சுரக்கிறது. வெறும் தண்ணீரோ பாதிக்குமேல் அரை மணிக்குள் இறங்கிவிடும்.

மயக்கம் கொடுத்ததும் உணவுக்குழாயின் கீழ்வாய் தளரும், இருமலும் அடங்கிவிடும். அப்போது வயிற்றிலிருப்பது மேலேறினால் நேராக மூச்சுக்குழாய்க்குள் போகும். அமிலம் நுரையீரலைப் புண்ணாக்கும், கட்டியாக இருந்தால் மூச்சையே அடைக்கும். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கர்ட்டிஸ் மெண்டல்சன் 1946-ல் எழுதிய கட்டுரையில், 44,016 பிரசவங்களில் 66 பேருக்கு இப்படி நேர்ந்ததைப் பதிவு செய்தார்.

திட்டமிட்ட ஆபரேஷனுக்குப் பொதுவான இடைவெளி இது: தண்ணீர், பால் சேர்க்காத கடுங்காப்பி 2 மணி நேரம். தாய்ப்பால் 4. பசும்பால், புட்டிப்பால், இட்லி, பிஸ்கட் 6. பூரி, பரோட்டா, பிரியாணி, கறி 8. உங்கள் டாக்டர் இதைவிடக் கூடுதலாகச் சொன்னால் அவர் சொன்னதுதான் கணக்கு.

குடித்துவிட்டால் மறைக்காதீர்கள். ஆபரேஷன் சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

தண்ணீரையும் சேர்த்து நிறுத்துவது

மதியம் நடக்கும் ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரியிலிருந்தே குழந்தையின் நாக்கு வறளவிடுகிறார்கள். தண்ணீர் எத்தனை மணிவரை கொடுக்கலாம் என்று தனியாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோயாளிக்கும் அதே மணிக்கணக்கு

பல வருஷச் சர்க்கரையில் இரைப்பை நரம்புகள் பாதிக்கப்பட்டிருக்கலாம். எட்டு மணி நேரம் கழிந்தும் சோறு உள்ளேயே கிடக்கும். சர்க்கரைக்கும் எடை குறைக்கவும் போடும் செமாகுளூட்டைட் ஊசியும் இரைப்பையை மந்தமாக்கும். சாப்பிட்ட கொஞ்சத்திலேயே வயிறு நிறைவது, முந்தின வேளைச் சாப்பாடு எதுக்களிப்பது இருந்தால் கேட்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள்.

சாப்பிட்டதும் படுப்பது

3 மணி நேரம் கழித்துப் படுங்கள்.

ஒரு நாள் வெளிக்குப் போகாததற்குப் பேதி மருந்து

வேண்டாம். ஒரு நாளைக்கு 3 முறை போவதும் இயல்பு, வாரத்துக்கு 3 முறையும் இயல்பு.